ராத்தாவின் பைக்கில் நான் குந்தியிருந்த தூரம்

நான் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபோது, அது ஒரு பிக்கப்பின் பின்பக்கத்தில் கட்டப்பட்டு நின்றது. வாப்பாவின் தம்பியான சாச்சா கருவாடு ஏற்றுகிற பிக்கப் அது. பின்னால் தகரக் கூடு போட்டிருந்தார். கூரை தாழ்வானதால் கழுத்தை மடக்கி, நாடி பெற்றோல் டேங்கில் இடிக்க, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடவில்லை. அதைத் தொடக்கும் திறப்பு ராத்தாவின் கைப்பையில் கிடந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக்கை மிதித்தேன்.

என் அக்காவான ராத்தா எனக்கு ஐந்து வயது மூப்பு. முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்ன தொண்ணூறில் மன்னார்க் கரையை விட்டு வந்தபோது என்னை இடுப்பில் தூக்கி நடந்தவள் அவள்தான் என்று உம்மா சொல்வார். நுரைச்சோலைப் பக்கத்து முகாமில் வளர்ந்தோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு உப்பளத்துக்கு மூட்டை ஏற்றப் போனேன். அவள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகப் பல வருடம் படிப்பித்தாள். யுத்தம் முடிந்து சனம் பழைய ஊருக்குத் திரும்பிய காலத்தில் அவளுக்கு நியமனம் கிடைத்தது, அதுவும் எங்கள் சொந்த ஊர்ப் பாடசாலைக்கே. ஆனால் கடிதம் வேறொரு முகாமைச் சுற்றிவிட்டுப் பிந்தி வந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு முன் அதிபரிடம் போய்க் கையொப்பம் வைக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

பைக் அவள் பழையதாக வாங்கியது. உப்பள வரம்புகளில் ஓடிப் பழகியிருந்தாள். ஊரில் அவள் தங்கப்போகும் வீட்டிலிருந்து பாடசாலை நாலு மைல், பஸ் கிடையாது, ஆகவே பைக் இல்லாமல் அந்த வேலை இல்லை. கார்த்திகை மழையில் வில்பத்துக் காட்டுப் பாதையை அதில் கடக்க முடியாது என்றுதான் சாச்சாவின் பிக்கப்பில் ஏற்றினோம். இறக்குவதற்கு ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இரவு முழுக்க நான் கண் மூடவில்லை. கயிறு போதுமா, பலகை முறியுமா, கடிதம் நனையுமா என்று யோசித்துக் கடிதத்தை மூன்று பொலித்தீன் பையில் சுற்றினேன்.

கட்டு என் பொறுப்பு. உப்பு லொறியில் மூட்டை கட்டுவதைப்போல முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டினேன். புத்தளம் தாண்டி வந்த முதல் பள்ளத்திலேயே பைக் சரிந்தது. மூட்டை அமர்ந்தால் அமர்ந்ததுதான். பைக் அப்படியல்ல. பள்ளத்தில் அதன் ஸ்பிரிங் இறங்கும்போது கயிறு தொங்கிப்போகும். என்னோடு பின்னால் இருந்த ராத்தா தகரத்தில் தட்டிப் பிக்கப்பை நிறுத்தினாள்.

“உப்பு மூட்டைக்கு ஸ்பிரிங் இருக்காடா? நீ ஏறி இரி. உன்ட பாரத்துல அமுக்கிக் கட்டுவம்.”

நான் ஏறி இருந்தேன். ஸ்பிரிங் அமுங்கியது. அவள் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு இறங்கச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். பாரம் போனதும் ஸ்பிரிங் மேலே எழும்பிக் கயிற்றை அறுத்துவிடும் என்று என் மனம் சொன்னது. அவள் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போனாள். பிறகு வழியெல்லாம், “டிரைவர், மெதுவா ஓட்டுங்க” என்று என்னைச் சீண்டினாள்.

எலுவன்குளம் தாண்டினால் ஆறு. தாழ்வாகக் கட்டிய சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணி பத்து. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். சாச்சா திரும்பிப் போவோம் என்ற முகத்தோடு பின்னுக்கு வந்தார். ராத்தா குதித்து இறங்கி, பொலித்தீனை ஒவ்வொன்றாக உரித்துக் கடிதத்தைக் காட்டிச் சிங்களத்தில் பேசினாள். கெஞ்சவில்லை. பன்னிரண்டு மணி என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். அவர் கடிதத்தைப் பார்த்தார், கரையில் நட்டிருந்த அளவுக் கட்டையைப் பார்த்தார். ஒரு பெரிய டிராக்டர் வந்ததும், அதன் தடத்திலேயே ஒட்டிப் போங்கள் என்று விட்டுவிட்டார்.

தண்ணீர் அடித்தட்டில் மோதிய சத்தம் இன்றும் என் காதில் கேட்கிறது. பின்கதவின் இடுக்கால் தண்ணீர் உள்ளே வந்து கருவாட்டுச் செதிலை மிதக்க வைத்தது. நான் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். ராத்தா கணுக்கால் நனையக் குனிந்து நின்று வெளியே எட்டிப் பார்த்து, “பாதி வந்துட்டம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கலிமாவைச் சொல்லியபடி கண்ணை மூடினேன். திறந்தபோது சக்கரம் செம்மண்ணில் ஏறிவிட்டிருந்தது.

காட்டுக்குள் பாதிக்கு மேல் ஓடிய பிக்கப் இருமி, குலுங்கி, நின்றுபோனது. எஞ்சினில் தண்ணீர். மணி பதினொன்று தாண்டிவிட்டது. சாச்சா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். கூட்டுக்குள் உயரத்தில் நின்ற பைக்கின் எஞ்சின் மட்டும் காய்ந்திருந்தது. நனைந்து இறுகிய முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் கருவாட்டுக் கத்தியால் அறுத்தோம். மூன்று பேருமாகத் தூக்கி இறக்கினோம். ராத்தா திறப்பைப் போட்டு உதைத்தாள். இரண்டாம் உதைக்கே பிடித்தது.

“வாறதெண்டா ஏறு. இல்லாட்டி சாச்சாவோட நில்லு. எனக்கு நேரமில்ல.”

சாச்சாவைத் தனியே விடுவதா, யானை வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். “கருவாட்டு வாடைக்கு யானை கிட்ட வராது, நீ போ வாப்பா” என்றார் அவர். எஞ்சின் காய்ந்ததும் வந்து சேர்வேன் என்றும் சொன்னார். நான் ஏறினேன். ராத்தாவின் முதுகோடு ஒட்டிய கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஓட்டத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. செந்தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகைப்போல எழும்பியது. பாதையோரத்து மயில்கள் சிதறின. நான் கத்தத் தொடங்கினேன். அந்தக் கத்தல் எந்த இடத்தில் சிரிப்பாக மாறியதென்று எனக்கே தெரியாது. ராத்தாவும் சிரித்தாள். காடு முடிந்து, நான் பிறந்தும் நினைவில் இல்லாத ஊரின் பனைகள் தெரிந்தபோதுகூட அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

பாடசாலைக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. அதிபர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இருந்தார். பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிடம். சேறு கையில் இருக்கிறதென்று ராத்தா அபாயாவில் துடைத்துவிட்டு, நின்றபடியே கையொப்பம் வைத்தாள். நான் வாசலில் நின்றேன். யார் இவர் என்று அதிபர் கேட்டார்.

“என்ட தம்பி,” என்றாள் ராத்தா. “இவர் வராட்டி நான் வந்திருக்க ஏலா.”

அவள் சொன்னது சரியில்லை. நான் இல்லாமலும் அவள் வந்திருப்பாள். வெளியே போய்ப் பைக்கில் ஒட்டியிருந்த சேற்றை இலையால் வழித்தேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குச் சாச்சாவின் பிக்கப்பும் புகை விட்டபடி வந்து சேர்ந்தது.

இப்போது அந்தப் பாடசாலைக்கு ராத்தாதான் அதிபர். கூரை முழுதாகிவிட்டது. முதல் நாளில் பிந்தி வருகிற புது ஆசிரியர்களிடம் ஏன் பிந்தியது என்று அவள் கேட்பதில்லையாம். “எப்படி வந்தீங்க?” என்று கேட்டு, தேத்தண்ணி கொடுத்து, வந்த கதை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் பதிவுப் புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்புவாளாம்.