சாய்ந்தமருதில் மூன்று கிற்றார்கள்

காலை ஆறரைக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினோம். கல்முனைக்கு இருபத்துநாலு மைல். ஒரு மணித்தியாலத்தில் போய்விடும் என்றான் கொண்டக்டர். பொய். ஆரையம்பதியில் கோழிக்கூடை ஏற்ற நின்றது. களுவாஞ்சிகுடியில் சாரதி தேத்தண்ணி குடிக்க நின்றது. கோழிகளில் ஒன்று வழி முழுவதும் என் மனைவி றெஜினாவின் தோளைக் கொத்திக்கொண்டு வந்தது. இதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடுகளில் நான் கிற்றார் அடிப்பேன், றெஜினா பாடுவாள். போன மாரியில் வந்த காய்ச்சல் அவள் தொண்டையைப் பிடித்தது. காய்ச்சல் போனது. குரலில் பாதியையும் கொண்டு போனது. அதன்பிறகு அவள் பாட வாய் திறக்கவில்லை. "கிற்றாருக்கு மேல என்ட சத்தம் வராது" என்று ஒரே பேச்சு. எங்கள் கிற்றார் கொழும்பில் வாங்கிய ஒட்டுப்பலகை. தகரம் போலக் கத்தும். சரி, கிற்றாரை மாற்றுவோம் என்றேன்.

"அதுவும் சரிவராட்டி விட்டிரணும். மறுகா பாடு எண்டு என்னைக் கேட்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறினாள்.

மருதமுனையில் தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. கல்முனையில் இறங்கும்போது ஒன்பதாகிவிட்டது. அங்கிருந்து சாய்ந்தமருதுக்கு மாட்டுக் கரத்தை.

"கிற்றார் செய்யிற ஆதம்பாவா காக்காட வீடு தெரியுமா?" என்று கரத்தைக்காரரைக் கேட்டேன். அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"அலுமாரி செய்யிற ஆதம்பாவாவா?"

"கிற்றார்."

"ரெண்டும் அவர்தான். அலுமாரி சத்தம் போட்டா ஊர் ஏசும். கிற்றார் சத்தம் போடாட்டி நீங்க ஏசுவீங்க. பாவம் மனிசன்."

ஆதம்பாவாவின் பட்டறை வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்தது. பின்னால் கடல். கூரை வளையில் மூன்று கிற்றார்கள் தொங்கின. ஆதம்பாவா தலைத்தொப்பியில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"மூணுக்கும் முகம் ஒண்டுதான் தம்பி, கப்பல்ல வந்த பெட்டிப் பைன் பலகை. முதுகும் விலாவும்தான் வேற வேற. இது முதிரை மரம், நாலு போகம் காஞ்சது. இது தேக்கு. அது பலா."

முதிரை அறுபது ரூபாய், தேக்கு ஐம்பது, பலா முப்பத்தைந்து. முதிரையின் முதுகு வெயில் பட்ட வயல் போல மஞ்சளாக மின்னியது. பலாவின் முதுகில் ஒரு கணு. எதை வாங்குவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "புள்ள, நீங்க உள்ள வாங்க. ஆம்புளைகள்ர தூசிக்குள்ள என்னத்துக்கு நிக்கிறீங்க?" ஆதம்பாவாவின் மனைவி பாத்தும்மா. றெஜினா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"காக்கா, நான் அவளைக் கூட்டி வந்ததே பாடிப் பார்க்கத்தான்."

"அதுக்கென்ன? உள்ள இருந்து பாடினா பாட்டு ஓடிப் போயிருமா?"

முதிரையை மடியில் வைத்தேன். அதைப் போல ஒரு கிற்றாரை நான் தொட்டதில்லை. தந்தியைத் தட்டினால் மணி அடித்தது போல எழும்பி, அடுத்த தட்டு வரும்வரை நின்றது. விரல்களுக்குத் திருவிழா. றெஜினாவுக்குப் பழகிய தாலாட்டு ஒன்றை முழுவதும் அடித்தேன். உள்ளே சத்தமே இல்லை.

"ஏன் பாடல்ல?" என்று கத்தினேன்.

"புள்ள பாடிச்சி தம்பி!" என்றார் பாத்தும்மா. "பக்கத்தில இரிக்கிற எனக்கே வாய் அசையிறதுதான் தெரியிது. நீங்க அடிக்கிற அடியில ஒண்டும் விளங்கல்ல."

தேக்கை எடுத்தேன். அது கனத்த குரல். றெஜினாவின் குரல் காய்ச்சலுக்குப் பிறகு இறங்கி நின்ற அதே இடத்தில் அதுவும் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று இடித்தன. பாதியில் அவளே நிறுத்திவிட்டாள். "போவம், இஞ்ச பாருங்க" என்றாள் உள்ளேயிருந்து. சத்தியம் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் பலாவையும் அடிங்களன்" என்றார் பாத்தும்மா. "எங்கட றபான் மேளமும் பலாவுலதான் செய்யிற. கலியாணத்தில பொம்புளைகள் அதைத் தட்டித்தான் பாடுற."

வேண்டாவெறுப்பாகப் பலாவை எடுத்தேன். சத்தம் உருண்டையாக வந்தது, நெடுநேரம் நிற்கவில்லை. தட்டியதும் விலகிக்கொண்டது. அந்த இடைவெளியில் ஒரு குரல் கேட்டது. தணிந்த, கரகரத்த குரல். பழைய குரல் இல்லை. யார் பாடுவது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. என் கை நின்றுவிட்டது.

"நிப்பாட்டாதீங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மறுபடி அடித்தேன். றெஜினா கடைசிவரை பாடினாள். முடித்ததும் பாத்தும்மா நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாரே, கடலில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி, "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டாள்.

"கிற்றாருக்கு!" என்றார் ஆதம்பாவா.

முதிரைதான் நல்ல கிற்றார். யாரும் இல்லாத இடத்தில் தனியே அடிக்கிறவன் அதை வாங்கட்டும். நான் பலாவை வாங்கினேன்.

திரும்பும்போது கரத்தையில் றெஜினா சொன்னாள்: "மரம் மட்டும் இல்ல. உங்கட மூஞ்சியைப் பார்க்காமப் பாடினன். அதான் வந்திச்சு."

கல்முனைக் கடைத்தெருவில் மருதமுனைத் தறித் துணி நாலு முழம் வாங்கினேன், நல்ல தடிப்பாகப் பார்த்து. தனக்கென்று நினைத்துத் தடவிப் பார்த்த றெஜினா, "இதை எப்பிடி உடுக்கிற?" என்று முகம் சுளித்தாள். ஐந்து மணிக்கு வீடு வந்ததும் அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஆணி அடித்து அந்தத் துணியைக் கட்டினேன்.

"இது என்னத்துக்கு?" என்றாள்.

"நீ உள்ள போ" என்றேன். "நான் வெளிய இருந்து அடிக்கிறன்."