தாழ்ப்பாள் அக்காவும் ஒற்றை அட்டையும்

"நீங்க கீழே போய்த் தண்ணி பிடிச்சிட்டு வாங்க. அண்ணே, நீங்க ஜன்னல் பக்கம் போய் இந்தச் சீட்டைப் பத்திரமா வச்சிருங்க. சித்தப்பா, நீங்க லிஃப்ட் பக்கம் நின்னு யார் வர்றாங்கன்னு பாருங்க."

மூன்று பேரை மூன்று திக்கில் அனுப்பிவிட்டு, தாழ்ப்பாள் அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலியை மறுபடி கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் யாருக்கும் தேவையில்லை. அந்தச் சீட்டு போன வாரத்துச் சீட்டு. "கூட்டத்தை அதட்டினா கூடும், வேலை கொடுத்தா கலையும்" என்பது அவர் கண்ட உண்மை.

ஆஸ்பத்திரியில் பக்கவாதப் பிரிவின் வாசல் காவல் அவருக்கு. ஐம்பத்து மூன்று வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம், காக்கிச் சட்டைத் தோளில் அவசரத்துக்கு ஒரு ஊக்கு. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டியவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். மந்திரியின் மச்சினன் என்று ஒருவர் மார்தட்டியபோது, "சந்தோஷம். வரிசை அங்க இருக்கு" என்றார். யாராவது அழுதால் கைக்குட்டை தருவார், வழி தரமாட்டார்.

"மூளையில இருந்த அடைப்புதான் கரைஞ்சிடுச்சே, இன்னும் ஏன் விடமாட்டேங்குறீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறார். அந்தப் பிரிவு டாக்டரம்மாவைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் திரட்டியது.

"மூளையில இருக்கிற ரத்தக் குழாய்க்கு ஒரு காவல் சுவர் உண்டு. கண்டதையும் மூளைக்குள்ள விடாது. ரத்தம் வராம கிடந்ததுல அது ஏற்கெனவே நொந்து போயிருக்கும். அந்த நேரம் பார்த்து உடம்பைக் காக்கிற வெள்ளை அணுவெல்லாம் உதவிக்குன்னு ஓடி வரும். நல்ல எண்ணம்தான். முண்டியடிக்கிறதுல சுவர் இன்னும் உடைஞ்சிரும். நீர் கசியும், மூளை வீங்கும். மண்டை ஓடு என்ன ரப்பரா, விரிஞ்சு கொடுக்க?"

சொல்லிவிட்டுக் கூட்டத்தை மேலும் கீழும் பார்ப்பார். பாதிப் பேருக்கு உறைத்துவிடும்.

போன மாதம் அக்காவின் சொந்தத் தம்பியே அந்தக் கதவுக்கு உள்ளே போனான். மதியச் சாப்பாட்டின்போது அவனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. "ரெண்டு கையையும் தூக்குடா" என்றார் அக்கா. ஒன்றுதான் எழும்பியது. சாப்பிட்ட கையைக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். மருந்து அடைப்பைக் கரைத்தது. ஆனால் மறுநாள் எடுத்த படத்தில் வீக்கம் தெரிந்தது. இன்னும் ஏறினால் மண்டை ஓட்டைத் திறக்க வேண்டியிருக்கும், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டரம்மா. வீக்கம் இறங்கும்வரை யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றும் சொன்னார்.

பிறகு நடந்ததை அக்கா சொல்லமாட்டார், நர்ஸ்தான் சொல்வார். ஒரு மணி நேரத்தில் ஏழு முறை உள்ளே போயிருக்கிறார் அக்கா. ஜன்னல் சாத்தியிருக்கிறதா பார்க்க, நாற்காலிகளை எண்ண என்று தடவைக்கு ஒரு சாக்கு. ஏழாவது தடவை தம்பிக்குப் போர்வையை இழுத்துவிட்டதில், கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாய் பிடுங்கிக்கொண்டது.

"ஏங்க்கா, தாழ்ப்பாளே உள்ள வந்துட்டா அப்புறம் கதவு எதுக்கு?" என்றார் நர்ஸ்.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. வெளியே வந்து உட்கார்ந்தார். மூடிய கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பதினாறு வருஷமாக இந்த வாசலில் தான் நிறுத்திவைத்த அத்தனை பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "வீக்கம் இறங்குது. ஒவ்வொருத்தரா பார்க்கலாம்."

வெளியே தம்பி வீட்டு ஆட்கள் பதினொரு பேர். "நீங்க முதல்ல போங்கக்கா. உங்க கதவுதானே" என்றாள் தம்பி மனைவி.

அக்கா அட்டையை அவள் கழுத்திலேயே மாட்டினார். "அஞ்சு நிமிஷம். கிட்ட உட்காரு, குழாயைத் தொடாதே." ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து, அவள் போனதும் சாத்தினார். நாற்காலியைக் குறுக்கே போட்டார், உட்காரவில்லை. நேரே நடந்து போய், பத்துப் பேருக்குப் பின்னால், பதினோராவது ஆளாக வரிசையில் நின்றுகொண்டார்.