சமையலறை டியூப்லைட்டும் என் கண்ணும்

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அடுக்ககத்தின் சுவர்தான் தெரியும். நாங்கள் அபிராமபுரத்துக்குக் குடிவந்தபோது அங்கே ஓட்டு வீடு ஒன்று இருந்தது, வெயில் நேராக அடுப்பு மேடையில் வந்து விழும். அதை இடித்து மாடிக்கு மேல் மாடி எழுப்பினார்கள். அதற்குப் பிறகு நட்டநடுப் பகலிலும் லைட்டைப் போட்டால்தான் எனக்குச் சமையல்.

லைட் என்று நான் சொல்வது ஒரு நாலடி டியூப்லைட். ஸ்விட்சைப் போட்டால் இரண்டு முனையிலும் கங்கு மாதிரி சிவக்கும், மினுக்கும், அடங்கும். துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் செல்லமாக இரண்டு தட்டு தட்ட வேண்டும். மனமிருந்தால் எரியும். எரிந்த பிறகும் கழுவின அரிசித் தண்ணீர் நிறத்தில் ஒரு வெளிச்சம், கூடவே ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம். பருப்பு வெந்ததா என்று கரண்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் அங்கேயும் இருட்டு.

ஊரெல்லாம் எல்.இ.டி. வந்துவிட்டது. எங்கள் ஹாலில் வந்தது, படுக்கையறையில் வந்தது, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேகூட ஒன்று வந்தது. சமையலறைக்கு மட்டும் வரவில்லை.

“என்னங்க, ஒண்ணுமே தெரியல. இதையும் மாத்திடலாம்” என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! என் கணவர் ஸ்டூலைப் போட்டு ஏறுவார். டியூபை ஒரு திருகு, ஸ்டார்ட்டரை ஒரு திருகு. இறங்கிக் கையைத் தட்டிக்கொள்வார்.

“உள்ள இருக்கறது அந்தக் காலத்து சோக். முழுக்கச் செம்புக் கம்பி. இப்ப காசு குடுத்தாலும் கிடைக்காது. லைட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ போய் உன் கண்ணைக் காட்டு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு பூச்சி. அவள் அதை இரண்டு விரலால் எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, வைத்த விதமே போதும். இவர்தான் சொன்னார். “இவளே ஒரு டியூப்லைட். இவளுக்குப் பூச்சி தெரியறதுக்குள்ள நாம சாப்பிட்டு முடிச்சிடுவோம்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன் பிறகு நிஜமாகவே கண்ணைக் காட்டினேன். புரை என்றார் டாக்டர். என் கணவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, பாவம் அந்த லைட்டை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை என் கண்தானோ, வீணாக மனிதரை நச்சரித்தேனோ என்று அவருக்காக இரக்கப்படக்கூடச் செய்தேன்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, ஒரு மாதம் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. ஓட்டல் பார்சல் இவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெருங்குடியிலிருந்து ஒரு சமையல்காரம்மாவை ஏற்பாடு செய்தோம்.

வந்த முதல் நாளே அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று குரல் கொடுத்தார். “இன்னா சார் இது, லைட்டு மினுக்கு மினுக்குன்னுகினு கீது? கடுகு எது, கேழ்வரகு எதுன்னே தெர்ல. மாத்திக் குடு சார், இல்லாங்காட்டி என்னால ஆவாது.”

“நாளைக்கே மாத்திடறேம்மா” என்றார் என் கணவர்.

நான் ஹாலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியென்றால் நான் சொன்னதெல்லாம் உண்மைதானே? அதை இவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த அம்மா வேலையை விட்டு நின்றுவிடுவார் என்ற பயம் இவருக்கு. நான் எங்கே நிற்கப் போகிறேன்?

சாயங்காலமே எல்.இ.டி. டியூப் வாங்கிவந்து பழைய பட்டியிலேயே மாட்டினார். சோக்கை எடுக்க மனம் வரவில்லை. புது டியூபும் பழையதைப் போலவே மினுக்கியது. மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, கரண்டை நேராக டியூபுக்குக் கொடுத்தார். பளிச்சென்று எரிந்ததாம். கறுப்புக் கண்ணாடி வழியாக எனக்கு அது சாதாரணமாகத்தான் தெரிந்தது. கழற்றிய சோக்கை இவர் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, லாஃப்ட்டில் பத்திரப்படுத்தினார்.

ஒரு மாதம் கழித்து, கண்ணாடி இல்லாமல் சமையலறைக்குள் போனேன். கண் கூசியது. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, மசாலா டப்பா இடுக்கெல்லாம் பழுப்பு. பின்னாலேயே வந்தவர் சுற்றிலும் பார்த்தார். “சே, இவ்ளோ அழுக்காவா வெச்சிருந்த? இத்தனை வருஷமா உனக்குத் தெரியவே இல்லையா?”

துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

சமையல்காரம்மாவை நிறுத்திவிடலாம் என்று அன்றைக்கே சொன்னார். இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது, அதுவரை இருக்கட்டும் என்றேன். சரி என்றார். என் கண் கெட்டது என்று சொன்னால் மட்டும் உடனே நம்பிவிடுவார்.

போன வாரம் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் குழாய் ஒழுக ஆரம்பித்தது. இவர் ஹாலில்தான் இருந்தார். “என்னங்க” என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். காலையில் சமையல்காரம்மா வந்ததும், “குழாய் ஒழுகுதுன்னு சார்கிட்ட நீங்க சொல்லுங்க” என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏம்மா, உன் வூட்டுக்காரர்தான? நீயே சொன்னா இன்னா?”

நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மதியத்துக்குள் பிளம்பர் வந்துவிட்டார்.