ஊஞ்சல் போன தெரு

திண்டுக்கல் மாநகராட்சியின் பொறியியல் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்த புதிதில் சகாயசெல்வி முதலில் வரைந்தது ஒரு சாக்கடை. அடுத்து வரைந்தது ஒரு சிறுவர் பூங்கா. அவள் வீட்டுக்கு நேர் எதிரே முள் மண்டிக் கிடந்த காலிமனையில்தான் அது வந்தது. மேற்கு வெயில் பட்டால் சறுக்கு மரத்தின் தகரம் பிள்ளைகளின் தொடையைப் பொசுக்கிவிடும் என்று அதை வடக்கே பார்க்க வைத்தாள். ஊஞ்சலை வேப்பமரத்து நிழலில் போட்டாள். அடுப்படியில் நிற்கும் அம்மாக்களுக்குப் பிள்ளைகள் தெரியட்டும் என்று சுவரைத் தணித்துக் கட்டச் சொன்னாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்கள் தட்டிப் போயின, பிறகு வருவது நின்றுபோனது. தம்பி ரொனால்டு ஓசூரில் குடும்பத்தோடு தங்கிவிட்டான். அப்பா முன்னால் இறந்தார், அம்மா பின்னால் போனாள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் அவள் செய்கிற முதல் வேலை முன்ஜன்னலைத் திறப்பதுதான். டீ கொதிக்கிற நேரத்துக்குள் யார் அழுகிறது, யார் முறை வராமல் ஊஞ்சலில் ஏறிவிட்டது என்பதெல்லாம் அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருத்தன் துபாய், ஒருத்தி பெங்களூர், மற்றவர்கள் சென்னை. தெருவில் பெற்றவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஊஞ்சல் காற்றுக்கு ஆடியது. மே மாதத்தில் மட்டும் பேரப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து போவார்கள்.

தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் ஏழை சனங்களுக்குப் புதிதாகக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ரோட்டில் விளையாடிக்கொண்டிருந்த ஹரிணி என்ற சிறுமியின் காலில் லோடு ஆட்டோ ஏறிவிட்டது. ஒரு விளையாட்டு இடம் கட்டாயம் வேண்டும் என்று அந்தப் பகுதிக் கவுன்சிலர் நின்றார். ஊஞ்சல், சறுக்கு மரமெல்லாம் புதிதாக வாங்க வழியில்லை. பூங்காக்களுக்கு வந்த பணம் இடிந்த சுவருக்கும் எரியாத விளக்குக்குமே சரியாகப் போயிருந்தது. புழங்காத பூங்கா ஏதாவது இருந்தால் அதிலிருந்து கழற்றி, பெயிண்ட் அடித்து அங்கே வைக்கலாம் என்று பொறியாளர் பழனிக்குமார் யோசனை சொன்னார். எது என்று பார்த்து எழுதித் தரும் வேலை செல்வியிடம் வந்தது.

அவள் சாயங்காலங்களில் ஊர் சுற்றினாள். பேகம்பூர்ப் பக்கத்துப் பூங்காவில் இருட்டிய பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சறுக்கு மரம் உடைந்தே கிடந்தது. அதையாவது எழுதலாம் என்று அவள் மனசு ஒரு கணம் சபலப்பட்டது. ஆனால் அந்த உடைந்த மரத்திலும் சாக்கைப் போட்டுச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். தன் தெருவுக்குத் திரும்பினால், சறுக்கு மரத்தடியில் ஒரு நாய் தூங்கியது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ராயப்பராஜ் தனியாக நடந்துகொண்டிருந்தார். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவள், கடைசியில் தன் தெருப் பேரையே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ராயப்பராஜ் பக்கத்து வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறி எடுத்தால் ஒரு கிண்ணம் செல்விக்கு வரும். அம்மா கிடையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் காரோட்டியவர் அவர்தான். லாரி வந்து நின்று, ஆட்கள் ஊஞ்சலின் காலைச் சுற்றிக் கடப்பாரை போட்டதும் அவர் வெளியே வந்தார்.

"ஏம்மா செல்வி, மேல இருந்து வந்த உத்தரவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை அவரே எடுத்துக் கொடுத்திருந்தார்.

"இல்ல சார். நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"லீவுக்கு வர்ற பிள்ளைக எங்க போயி வெளாடும்?"

"அங்க வருசம் பூராம் ரோட்டுல வெளாடுதுக சார்."

"அம்புட்டுப் பேரும் உனக்கு யாரு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை.

யாரும் சண்டைக்கு வரவில்லை. கிண்ணம் வருவது நின்றது. மாதா கோயிலில் பூசை நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காரும் ராயப்பராஜின் மனைவி இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார ஆரம்பித்தார். கல்லறைத் திருநாளுக்கு எப்போதும் ஒரே ஆட்டோவில் போவார்கள். அந்த வருசம் செல்வி தனி ஆட்டோ பிடித்துப் போய், அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால், பறித்த குழிகளில் கொட்டிய செம்மண்ணும் அதில் முளைத்த களையும்தான் தெரிந்தன.

குடியிருப்பில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுகிற பக்கமாக இடம் குறித்தாள். விழுந்தால் அடிபடாமல் இருக்க ஊஞ்சலுக்கடியில் மணல் வேண்டும். வேறொரு வேலையில் மிஞ்சிய மணலைப் பழனிக்குமாரிடம் கெஞ்சி வாங்கிக் கொட்டினாள்.

திறந்து வைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். ஊஞ்சலுக்கு வரிசை நின்றது. சுவரோரம் நின்று பார்த்தாள். எந்தக் குரலும் பழகின குரல் இல்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த வீரலட்சுமி என்ற பெண் நிமிர்ந்து கேட்டாள்.

"எந்தப் பிள்ளையோட வந்தீங்கக்கா?"

"யாரோடயும் இல்ல. சும்மா ஊஞ்சலப் பாக்க வந்தேன்."

வீரலட்சுமி தன் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். செல்வி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

ஆனாலும் போவதை விடவில்லை. ஊரிலுள்ள அத்தனை பூங்காவுக்கும் பராமரிப்பு ஆள் ஒருவர்தான், அவர் முறை இங்கே எப்போதாவதுதான் வரும். அதனால் ஸ்பேனரும் எண்ணெயும் எடுத்துப் போய் போல்ட்டுகளை முறுக்கினாள். மணலைக் கிளறிக் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினாள். ஒருநாள் வீரலட்சுமி விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு காலையில் மணலைக் கிளறுவதை அவளே எடுத்துக்கொண்டாள். செல்விக்கு மாடிப்படியில் வைத்து டீயும் கொடுத்தாள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் இருவருக்கும் அதிகம் பேச முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் அம்மாக்கள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். செல்வி தானாக எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மறு வருசம் தன் தெருவின் காலி இடத்துக்கு அவளே ஒரு திட்டம் வரைந்தாள். சிமெண்டு பெஞ்சு நாலு, முட்டி வலிக்காமல் நடக்கச் சமமான மண்பாதை ஒன்று. பெரிய செலவு இல்லை என்பதால் சீக்கிரமே நடந்தது. தெருவிலுள்ள பெரியவர்கள் சாயங்காலம் அங்கே உட்கார ஆரம்பித்தார்கள். வரைந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் ஜன்னலில் இருந்து பார்த்ததோடு சரி.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவள் கதவைச் சாத்திவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள். ராயப்பராஜ் மட்டும் இருந்தார். அவர் இருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் வேப்பமரத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"வாரேன் செல்வி" என்றார்.

"சரிங்க சார்."

அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒன்றரை வருசத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் சொல் அந்த 'வாரேன்'தான். தெருவிளக்கு எரிகிற வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.