பூவாயி அக்காவின் கட்டைவிரல்

சூரியனுக்கு அந்தப்பக்கம் போய்த் தேடினாலும், தன் கைக்குத் தானே இன்ஷூரன்ஸ் கட்டிய பொம்மைக்காரி ஒருத்திதான் கிடைப்பாள்: விருத்தாசலம் பூவாயி அக்கா. ராஜாக்கள்கூடக் கிரீடத்துக்குக் காவல் வைத்தார்களே தவிர, கட்டைவிரலுக்கு வைக்கவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பீங்கான் கம்பெனியில் அக்காவுக்குப் பக்கத்துப் பலகையில் சேர்ந்தேன். அச்சில் மண்கூழ் ஊற்றிப் பொம்மை எடுக்கிற வேலை. ஈரம் காய்வதற்குள் பொம்மையின் அடியில் இடது கட்டைவிரலை அழுத்திவிட வேண்டும். அக்காவின் குழி எப்போதும் ஓரமாக இருக்கும், என்னுடையது நடுவில். சூளையிலிருந்து வந்தபிறகு யாருடைய பொம்மை என்று அதை வைத்துத்தான் பிரிப்பார்கள்.

"ஒங்க எல்லாருக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் கட்டுது" என்று மேஸ்திரி மார்தட்டுவார். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பழுது பார்க்கச் சூளையை அணைக்கிற மாதம் எங்கள் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த மாதம் பார்த்து, அந்த வேலைக்குக் கூப்பிட்ட பக்கிரி அண்ணன் காலில் இரும்புக் கதவு விழுந்தது. பெயர் இல்லை, அதனால் பணமும் இல்லை.

மறுவாரமே அக்கா, மங்கலம்பேட்டை ஏஜெண்டு பரக்கத்துல்லா பாயை வரச்சொல்லி, சொந்தமாக ஒரு விபத்து பாலிசி எடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியாததால் இடது கட்டைவிரல் ரேகை.

"அக்கா, இனிமே அந்த வெரலு கவர்மெண்டு சொத்து. சாணி தட்டினா ஃபைன் போடுவாங்க" என்றேன். பலகை முழுக்கச் சிரிப்பு.

"ஒன் வாய்க்கு ஒரு பாலிசி எடுடி கனகா. மொதல்ல அடிபடப் போறது அதுதான்."

மறுவருஷம் சூளை அணைந்தது. பெயர்கள் போயின. வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருஷன் போய் நாலு வருஷம். அக்கா பக்கத்துத் தெருவில் கரண்டு ப்யூஸுக்குப் பீங்கான் கட்டை அழுத்தி எடுக்கிற பிரஸ் மெஷினில் தினக்கூலிக்குப் போனார். மூன்றாம் நாள் பிரஸ் கைமேல் இறங்கியது. இடது கட்டைவிரல் போயிற்று.

பிரஸ்காரர், "ஒருநாள் கூலி, எங்க ஆளு இல்ல" என்றார். எங்கள் மேஸ்திரி, "அன்னிக்கு ஒன் பேரே இல்லியே" என்றார். அதோடு நிற்கவில்லை. அச்சைப் பிடிக்க முடியாத கைக்கு இனிமேல் வேலையும் இல்லையாம்.

மிச்சம் பாலிசி ஒன்றுதான். பாய் ஓடியாடிப் பாரம் எழுதி, அக்காவின் வலது கட்டைவிரல் ரேகையை வாங்கி அனுப்பினார். அது திரும்பி வந்தது. பாரத்தில் இருப்பது வலது ரேகையாம். பாலிசியில் உள்ளபடி இடது கட்டைவிரல் ரேகை வைத்து, விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டுமாம்.

"அந்த வெரலு போச்சுன்னுதான பணமே கேக்குறோம்!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். மாதம் முடிய இரண்டே நாள். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். அடுப்பு பற்றவைத்து இரண்டு நாளாகிறது என்று சின்னவன் என்னிடம் சொன்னான்.

கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற உடைசல் குவியலுக்கு ஓடினேன். ஓரத்தில் குழி விழுந்த ஒரு பொம்மை கிடைத்தால் போதும், அதில் பச்சை மண்ணை அழுத்தி ரேகையை எடுத்துவிடலாம். சாயங்காலம் வரை கிளறினேன். கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம், எல்லாம் தூள். கடைசியில் பாய் கொடுத்துவிட்டுப் போன புதுப் பாரத்தில் என் இடது கட்டைவிரலையே மையில் தோய்த்து வைத்தேன். ஆபீசில் யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

"அக்கா, ஒன் பொம்ம ஒண்ணு கெடச்சுது! அதுல இருந்து எடுத்த ரேகை, பாரு."

அக்கா பாரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தன் வலது கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூளையில வெந்த பொம்மையாடி?"

"ஆமாக்கா. சத்தியமா."

"வெந்தா மண்ணு சுருங்கும். ரேகையும் சேந்து சுருங்கும். இது முழு வெரலு அளவுக்கு இருக்குது. ஒரு வருசம் மண்ணுல கெடந்தும் இது தெரியலியா ஒனக்கு?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அக்கா இழுத்து விரித்தார். மையும் கீறலும்.

"ரெண்டு பேரையும் உள்ள வச்சிருப்பாங்கடி, பைத்தியமே." அக்கா பாரத்தைக் கிழித்தார். "பாய்கிட்ட வேற பாரம் வாங்கியா. நாளைக்கி மொத பஸ்ஸுக்குக் கடலூரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போறோம். இந்தக் கட்ட அவுத்து, கைய அவுங்க மேசமேல வெக்கிறேன். இல்லாத வெரல எப்புடி வெக்கிறதுன்னு அவுங்களே சொல்லட்டும்."

"நானுமா?"

"வலது ரேகைக்குச் சாட்சி வேணுமே. கழுவிட்டு வா. ஒன் பேர எழுதத் தெரியுமில்ல? அத மட்டும் போடு."