அழிக்கும்வரை நகர மாட்டேன்

சம்பா பயிர்க் காப்பீடு போட வலங்கைமானில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் சிட்டாவைத் தேடிய கடைக்காரர் வேறொரு ஃபைலைத் திறந்துவிட்டார். போன வருஷம் நான் இதே கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரும் பாஸ்புக்கும் திரை முழுக்க விரிந்தன.

“தம்பி, அதை அழிச்சிடுங்க.”

“இருக்கட்டும்க்கா, அடுத்த தடவை உங்களுக்குத்தான் வசதி.”

“ஊரே பாக்க என் பாஸ்புக் என்ன சினிமா போஸ்டரா? ரீசைக்கிள் பின்லயும் இருக்கக் கூடாது.”

முணுமுணுத்தபடியே அழித்தார். உடனே பின்னாலிருந்து ஒருவர், “என்னோடதையும் அழிச்சிடுங்க” என்றார். அப்புறம் வரிசையே கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போதெல்லாம் என் ஃபைலை அழிக்கும்வரை நான் கடையை விட்டு நகர்வதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. பிரிண்ட் வந்ததும் கடைக்காரரே திரையை என் பக்கம் திருப்பி, “அழிச்சாச்சு, பாத்துக்கங்கக்கா” என்கிறார்.