பதுளையின் பிறந்தநாளும் மொட்டையான தேயிலையும்

ஊருக்குப் பிறந்தநாள் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. பதுளைப் பட்டணம் உண்டாகி இத்தனை வருஷம் ஆகிவிட்டது, பெரிய கொண்டாட்டம், ஒவ்வொரு தோட்டமும் ஒரு லொறியை ஜோடித்து ஊர்வலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காலைப் பெரட்டில் கங்காணி சொன்னார். வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“ஏங்கய்யா, பதுளை பொறந்தப்ப பிரசவம் பாத்தது யாருங்க?”

“ஒங்க ஆத்தாதான்” என்றார் கங்காணி.

எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அப்பவே எனக்கும் ஒரு பொறப்புப் பத்திரம் வாங்கி வச்சிருக்கலாம் எங்க ஆத்தா. ஊருக்குக்கூட பொறந்த தேதி இருக்கு. எனக்குத்தான் இல்ல.”

கங்காணி பேர் எழுதுகிற புத்தகத்தை விரித்துக்கொண்டார்.

எழுபதுகளில் நடந்தது இது. பாட்டன் காலத்தில் கடல் தாண்டித் தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாட்டுப் பெரிய மனுஷர்களும் பேசி முடித்திருந்தார்கள். எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரர் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டதில் எங்களுக்கு இந்த நாடு கிடைத்தது. அக்காவும் அத்தானும் இதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள்தான். அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர்களுக்கு இந்தியா. ஊர்வலத்துக்கு அடுத்த வாரம் கப்பலைப் பிடிக்க அவள் கோச்சி, அதுதான் ரயில், ஏற வேண்டும்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. பாஸ்போட்டுக்கு அவளைத் தனியாக எடுத்த படங்கள் எல்லாம் காகிதத்தோடு காகிதமாகக் கண்டியில் இருக்கிற இந்திய ஆபீசுக்குப் போய்விட்டன. அதிலும் கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான், மேடைக்கு முன்னால் ஒவ்வொரு லொறியையும் படம் பிடிப்பார்கள், நமக்கும் ஒரு பிரதி வரும் என்று கங்காணி சொன்னதும் என் கையைத் தூக்கினேன். அக்கா கையையும் பிடித்துத் தூக்கினேன்.

“எதுக்குடி எனக்கு? நான் என்ன ஊர் பொறந்த நாளுக்கு ஆடப்போறேனா?”

“நீ ஆட வேணாம். மூஞ்சிய மட்டும் கொண்டா.”

பழைய தேயிலைப் பெட்டிகளில் மண்ணைக் கொட்டி, தளதளவென்று இருந்த ஆறு இளஞ்செடிகளைப் பிடுங்கி நட்டு லொறியில் ஏற்றினார்கள். கூடையும் தலைத்துணியுமாக நாங்கள் நாலு பேர் செடிகளுக்கு நடுவில். கல்யாணச் சேலை, கனகாம்பரம், முகத்தில் அரை டின் பவுடர். கங்காணி கீழே நின்று திரும்பத் திரும்பச் சொன்னார்: “கொழுந்து எடுக்கிற மாதிரி காட்டுங்க, போதும். கைய வைக்கணும், கைய எடுக்கணும். கொழுந்த எடுக்கக் கூடாது. வெளங்குதா?”

“வெளங்குதுங்க” என்றோம்.

பசறை ரோட்டு வளைவுகளில் செடி ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகச் சாய்ந்து, பதுளை போய்ச் சேர்ந்தோம். அங்கே போனால் லொறிக்குப் பின்னால் லொறி. முன்னால் ஒரு யானை நடக்கமாட்டேன் என்று நின்றுவிட்டதாம். வெயில் ஏறியது. பவுடர் வழிந்தது. வைப்பதும் எடுப்பதுமாக இருந்த கையில் ஒரு கொழுந்து தானாக வந்துவிட்டது. அதைக் கீழேயா போட முடியும்? கூடையில் போட்டேன்.

அக்கா பார்த்துவிட்டாள். “ஓ, அப்படியா?” என்று அவளும் கிள்ளினாள். மலையில் எங்களுக்குள் எப்போதும் போட்டி, யார் கூடை முந்தி நிறையும் என்று. அவள் கிள்ள, நான் கிள்ள, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வாய் பாட்டுக்குக் கதை, கை பாட்டுக்கு வேலை. கொழுந்து முடிந்தது. யானை இன்னும் நகரவில்லை. அக்காவின் கை மட்டும் நிற்கவில்லை. முத்தல் இலையையும் உருவ ஆரம்பித்தாள்.

“போதும்க்கா.”

“இனி எங்க எடுக்கப் போறேன்? விடுடி.”

நான் விட்டேன். சும்மா விடவில்லை, நானும் கூட உருவினேன்.

லொறி மேடைக்கு முன்னால் போய் நின்றபோது பெட்டிகளில் ஆறு விளக்குமாறுகள் நின்றன. கங்காணி தலையில் கையை வைத்தார். “அடிப் பாவிகளா! காட்டத்தானே சொன்னேன்!” மேடையில் இருந்த பெரிய மனுஷர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட விழாக்காரர் ஒருவர் ஓடிவந்து, இந்த லொறி வேண்டாம், போ போ என்று கையை வீசினார். படம் பிடிக்கிறவர் கடைத்தெரு ஸ்டுடியோக்கார முஸ்லிம் ஆள். கெமராவை இறக்கிவிட்டார்.

“நாநா! செடி வேணாம், எங்க மூஞ்சிய எடுங்க! எங்க ரெண்டு பேர மட்டும்!”

“ஏலாது புள்ள. பிலிம் கமிட்டிட சாமான். வேணாம்னு சொல்றாங்களே.”

“அக்கா அடுத்த வாரம் இந்தியா போறா நாநா!”

அவருக்குக் கேட்டதோ என்னவோ. பின்னால் வந்த லொறியின் ஹோர்ன் கத்தியது. எங்கள் லொறி நகர்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது கங்காணியிடம் அக்காதான் பேசினாள். “அய்யா, நாலு கூடையிலயும் கொழுந்து இருக்கு. தராசுல நிறுத்து எங்களுக்கு ஒரு நாள் பேர் போடுவீங்களா?” அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த இலையை அவளே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் கசக்கி, சட்டியில் வறுத்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். சட்டி கழுவின தண்ணி மாதிரி இருந்தது. இரண்டு பேரும் இரண்டு கோப்பை குடித்தோம்.

அடுத்த வாரம் பதுளை ஸ்டேஷன். பிறந்தநாளுக்குக் கட்டிய தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அழுகைக் கோச்சி என்று நாங்கள் பேர் வைத்த வண்டி அது. பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே நின்று அவளையே பார்த்தேன். இடது புருவத்துத் தழும்பு, மூக்குத்தி, முன்பல் இடைவெளி, எல்லாவற்றையும்.

“என்னடி இந்த முழி முழிக்கிற? படம் எடுக்கிறியா?”

“ஆமா. அசையாம இரு.”

கேலி பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. தலைமுடியை ஒதுக்கினாள். முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து, கொஞ்சமாகச் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணி நிரம்பியது. இமைக்கவில்லை.

வண்டி புறப்பட்டது. அந்தப் பெட்டியில் எல்லாக் கைகளும் வெளியே ஆடின. படம் கெட்டுவிடும் என்று அவள் மட்டும் கையை ஆட்டவில்லை.